கலிஃபோர்னியா புரோபேட்: வக்கீல் வைக்காதவர்களுக்கு ‘டாக்குமென்ட் அசிஸ்டன்ட்’ சேவை எதுவரைக்கும் கைகொடுக்கும்?

கலிஃபோர்னியாவில் ஒருவர் இறந்துபோகிறார். வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது, லிவிங் டிரஸ்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை டிரஸ்ட் பெயருக்கு மாற்றிவைக்கும் ஏற்பாடு) எதுவும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் விஷயம் பெரும்பாலும் புரோபேட் கோர்ட்டுக்குத்தான் (இறந்தவரின் கடனைத் தீர்த்து, சொத்தை வாரிசுகளுக்கு மாற்றித் தரும் கோர்ட்) போகும். வக்கீல் கட்டணத்தின் உச்ச வரம்பை அங்கே சட்டமே போட்டு வைத்திருக்கிறது: சொத்து மதிப்பில் முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 8 லட்சத்துக்கு 2. ஆக, 10 லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர். அந்த வீட்டின் மேல் 7 லட்சம் கடன் பாக்கி இருந்தாலும் கணக்கு 10 லட்சத்துக்குத்தான். கடனைக் கழிக்க மாட்டார்கள்.

இந்தத் தொகையைக் கேட்டவர்கள் அடுத்து தேடுவது ‘லீகல் டாக்குமென்ட் அசிஸ்டன்ட்’. சுருக்கமாக எல்டிஏ. வக்கீல் கட்டணத்தில் சிறு பகுதிக்கே படிவங்களைத் தயாரித்து, தாக்கல் செய்து, நோட்டீஸ் அனுப்பித் தருகிறோம் என்பார்கள். இங்கே மதிப்பிடப் போவது தனிப்பட்ட எந்த நிறுவனத்தையும் அல்ல. இந்த வகைச் சேவையையே. காசுக்குத் தகுந்த வேலையா, எந்த இடம் வரைக்கும்?

முதலில் பெயர் விவகாரம். ‘பாராலீகல்’ என்று போர்டு வைத்து, வக்கீல் மேற்பார்வை இல்லாமல் நேரடியாகப் பொதுமக்களிடம் பணம் வாங்கி வேலை செய்வது கலிஃபோர்னியாவில் சட்டப்படி தவறு. பாராலீகல் என்றால் ஒரு வக்கீலின் கீழ் வேலை செய்பவர். தனியாகக் கடை போட வேண்டுமானால் எல்டிஏ ஆகக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்து, 25,000 டாலருக்கு பாண்டு (வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் ஈடு தரும் உத்தரவாதம்) கொடுத்திருக்க வேண்டும். பதிவு 2 வருடத்துக்குச் செல்லும். விளம்பரத்திலும், தயாரித்துக் கொடுக்கும் காகிதங்களிலும் பதிவு எண்ணும் கவுண்டி பெயரும் இருக்க வேண்டும். ‘இண்டிபெண்டன்ட் பாராலீகல், புரோபேட் ஸ்பெஷலிஸ்ட்’ என்று மட்டும் போட்டுப் பதிவு எண் இல்லாத விளம்பரத்தைப் பார்த்தால் அப்படியே கடந்துவிடுங்கள். எண் இருந்தாலும் அந்தக் கவுண்டி கிளார்க்கிடம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

வேலை தொடங்குமுன் எழுத்து மூலம் ஒப்பந்தம் கட்டாயம். என்ன வேலை, எவ்வளவு பணம், தான் வக்கீல் அல்ல என்பது எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்திட்ட 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமையும் உண்டு. உங்கள் அசல் ஆவணங்களைக் கேட்டால் திருப்பித் தர மறுக்கக் கூடாது. ‘பாக்கிப் பணம் கொடுத்தால்தான் உயிலைத் தருவேன்’ என்கிற பேச்சுக்கே இடமில்லை.

இனி முக்கியமான விஷயம். நம்மூர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் இருக்கும் பத்திர எழுத்தர் மாதிரிதான் எல்டிஏ என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். பாதிதான் சரி. பத்திர எழுத்தர் ‘செட்டில்மென்ட் போடுங்க சார், விடுதலைப் பத்திரம் வேண்டாம்’ என்று யோசனையும் சொல்வார். எல்டிஏ அப்படிச் சொன்னால் சட்டத்தை மீறுகிறார். உங்கள் உரிமை என்ன, எந்த வழியில் போகலாம், எந்தப் படிவம் பொருந்தும் என்று எதிலுமே கருத்துச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. நீங்கள் சொல்வதை அப்படியே படிவத்தில் ஏற்றுவார், வக்கீல் எழுதிய அல்லது சரிபார்த்த பொதுத் தகவல் அறிக்கையைக் கையில் கொடுப்பார், நீங்கள் சொன்ன இடத்தில் தாக்கல் செய்வார். அவ்வளவே. ஆகவே ‘எந்த வழி’ என்ற முடிவை எடுக்காமல் அவரிடம் போனால், ஒன்று அவர் வாயை மூடிக்கொண்டு நீங்கள் கேட்டதை டைப் செய்வார். அல்லது சட்டத்தை மீறி யோசனை சொல்வார், அது தப்பாகப் போனால் பொறுப்பு உங்கள் தலையில்.

அந்த முடிவைக் காசு கொடுக்காமல் எடுக்க வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு சுப்பீரியர் கோர்ட்டிலும் செல்ஃப்-ஹெல்ப் சென்டர் உண்டு. அங்கே உள்ளவர்கள் உங்களுக்காக வாதாட மாட்டார்கள். ஆனால் எந்தப் படிவம் எதற்கு என்று சொல்வார்கள். எல்டிஏ செய்யக்கூடாத ஒன்றை இவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள். குறை என்னவென்றால், பல சென்டர்களில் கூட்டமெல்லாம் விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகளுக்கே. முழு புரோபேட்டுக்கு உதவி மிகக் குறைவு. சிறிய சொத்து நடைமுறை, கார்டியன்ஷிப் வரைக்கும் மட்டும் உதவும் இடங்கள் உண்டு. போகுமுன் ‘டிசீடன்ட்ஸ் எஸ்டேட்’ (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து) கேஸுக்கு உதவுவார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் புரோபேட் வக்கீலிடம் ஒரு மணி நேரம் மட்டும் காசு கொடுத்துப் பேசலாம். இந்தத் துறையில் அதைவிட லாபமான செலவு கிடையாது.

ஏன் என்றால், பலருக்கு முழு புரோபேட்டே தேவைப்படாது. பேங்கில் நாமினி இருக்கிறதா, 401கே-யில் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பெனிஃபிஷியரி போட்டிருக்கிறதா, வீடு ஜாயின்ட் டெனன்சியா (ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாகவே மற்றவருக்குப் போகும் கூட்டு உரிமை) என்று முதலில் பாருங்கள். அவையெல்லாம் கோர்ட்டுக்கு வெளியே போய்விடும். மீதி அசையும் சொத்து, 2025 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னோ நடந்த மரணம் என்றால் 2,08,850 டாலருக்குள் இருந்தால் 40 நாள் கழித்து ஒரு பிரமாணப் பத்திரமே போதும். கோர்ட் வாசலை மிதிக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான மரணத்துக்கு வரம்பு 1,84,500. தேதியைப் பார்க்காமல் புதிய வரம்பை வைத்து எழுதிய பிரமாணப் பத்திரத்தை பேங்க் தள்ளிவிடும்.

வீடு என்றால் 2025 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னோ நடந்த மரணத்தில், இறந்தவர் குடியிருந்த வீடு 7,50,000 டாலருக்குள் இருந்தால் டிஇ-310 என்ற மனு போதும். ஒரே ஒரு விசாரணை, ஒரு உத்தரவு, முடிந்தது. இங்கும் கடனைக் கழிக்காத முழு மதிப்புதான் கணக்கு. சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் இந்த விலைக்குத் தனி வீடு கிடைப்பது அபூர்வம். சேக்ரமென்டோ, ஃப்ரெஸ்னோ பக்கம் இது நன்றாகவே பயன்படும். கணவன் அல்லது மனைவிக்கே போகும் சொத்து என்றால் டிஇ-221 என்று தனியாக ஒன்று இருக்கிறது. இவற்றில் ஒன்று பொருந்தும்போது முழு புரோபேட்டுக்கான டிஇ-111-ஐப் போட்டுவிட்டால் ஒரு வருட வேலையை நாமே இழுத்துப் போட்டுக்கொள்கிறோம். எல்டிஏ அதைப் பார்த்தாலும் சொல்ல முடியாது. குறைந்த வழிக்குக் கட்டணமும் குறைவு என்பதால் சொல்ல மனம் வருமா என்பது வேறு கேள்வி.

முழு புரோபேட்தான் என்று முடிவான பின் எல்டிஏ உண்மையிலேயே பயன்படும் இடங்கள் உள்ளன. மனு டிஇ-111, நோட்டீஸ் டிஇ-121, உத்தரவு டிஇ-140, கடமைகள் பற்றிய ஒப்புகை டிஇ-147, லெட்டர்ஸ் (நிர்வாகிக்கு அதிகாரம் தரும் கோர்ட் ஆவணம்) டிஇ-150. எல்லாமே கோர்ட் இணையதளத்தில் இலவசம். ஒவ்வொன்றின் அடியிலும் திருத்திய தேதி அச்சாகியிருக்கும். பழைய படிவத்தில் போட்டால் திரும்பி வரும். தாக்கல் கட்டணம் பெரும்பாலான கவுண்டிகளில் 435 டாலர், சிலவற்றில் சற்றுக் கூட. அசல் உயில் தனியாக கிளார்க்கிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். வைத்திருப்பவருக்கு மரணம் தெரிந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

டிஇ-111-ல் எங்கே அடி விழும் என்றால் இரண்டு இடங்களில். ஒன்று, உயிரோடு இருக்கும் உறவுகள் பற்றிய கட்டங்கள். ஜோடி ஜோடியாக வரும்; கணவன்/மனைவி உண்டா இல்லையா, பிள்ளை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் டிக் இருந்தே ஆக வேண்டும். ‘பொருந்தாது’ என்று விட்டுவிட்டால் குறை. இன்னொன்று, இணைப்பு 8. வாரிசுகள், உயிலில் பெயர் வந்த எல்லோரும், அவர்களது உறவு, வயது, முகவரி. முன்பே இறந்துபோன மனைவி, உயிலில் மாற்று எக்ஸிக்யூட்டராக (உயிலை நிறைவேற்றுபவர்) குறிப்பிட்ட மைத்துனர் ஆகியோரைச் சேர்க்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ‘அவருக்கு ஒன்றும் வரப்போவதில்லையே’ என்று நாம் நினைப்போம். கோர்ட் அப்படி நினைக்காது.

தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இனிஷியல். வீட்டுப் பத்திரத்தில் ‘சுப்ரமணியன் ராமசாமி’, மரணச் சான்றிதழில் ‘ராமசாமி சுப்ரமணியன்’, பேங்கில் ‘ஆர். சுப்ரமணியன்’, இந்தியாவில் எழுதிய உயிலில் ‘ரா. சுப்ரமணியன் த/பெ ராமசாமி’. நமக்கு எல்லாம் ஒரே ஆள். கோர்ட்டுக்கு அப்படி இல்லை. மனுவின் தலைப்பிலேயே ‘அல்லது இன்ன பெயராலும் அறியப்பட்டவர்’ என்று எல்லா வடிவங்களும் வர வேண்டும். பத்திரிகை நோட்டீஸிலும் அதே வரிசை. ஒரு வடிவம் விட்டுப்போனால், விளம்பரத்தை மறுபடி போட வேண்டிய நிலை வரும். எல்டிஏ நீங்கள் கொடுத்த பெயரைத்தான் டைப் செய்வார். பத்திரம், பாஸ்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றிலிருந்தும் எழுத்துக்கு எழுத்து பார்த்து ஒரு பட்டியல் எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை.

பத்திரிகை விளம்பரம் எல்டிஏ-வுக்கு அத்துப்படியான வேலை, இதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது. இறந்தவர் வாழ்ந்த ஊருக்குச் செல்லுபடியாகும், கோர்ட் அங்கீகாரம் பெற்ற பத்திரிகையில் 3 முறை வர வேண்டும். முதல் விளம்பரம் விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பு. முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே 5 நாளாவது இடைவெளி. செலவு சில நூறு டாலர்கள், ஊருக்கு ஊர் மாறும். தானே செய்கிறவர்கள் பக்கத்து ஊர்ப் பத்திரிகை மலிவு என்று போட்டுவிட்டு விசாரணை அன்று மாட்டிக்கொள்வார்கள்.

தபால் நோட்டீஸும் 15 நாளுக்கு முன் போயிருக்க வேண்டும். மனுதாரரே போஸ்ட் பண்ணக் கூடாது. வழக்கில் சம்பந்தமில்லாத, 18 வயது நிரம்பிய ஒருவர் போஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்டிஏ இதைச் செய்வார். இந்தியாவில் இருக்கும் வாரிசுக்கு சர்வதேசத் தபாலில் அவருடைய சொந்த முகவரிக்கே போக வேண்டும், ‘c/o மகன்’ என்று உங்கள் முகவரிக்கு அல்ல. சென்னை முகவரி என்றால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

இதோடு சேர்ந்து பலரும், அனுபவமுள்ள எல்டிஏ-க்கள் சிலரும்கூட, கோட்டை விடுவது ஒன்று உண்டு. சொத்து வெளிநாட்டுக் குடிமகன் ஒருவருக்குப் போகிறது என்றாலோ, இறந்தவரே வெளிநாட்டுக் குடிமகனாக இருந்து உயில் அல்லது எக்ஸிக்யூட்டர் இல்லை என்றாலோ, அமெரிக்காவில் அலுவலகம் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் நோட்டீஸ் போக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் அப்பா அம்மா சென்னையில் இருந்தால் சான் ஃபிரான்சிஸ்கோ இந்தியத் துணைத் தூதரகம் உங்கள் தபால் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கிரீன் கார்டு, எச்1பி நிலையில் இறந்தவர்கள் விஷயத்தில் இது அடிக்கடி வரும்.

அதே குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல்: உயில் இல்லாமல் இறந்த மகனுடைய எஸ்டேட்டுக்கு மதுரையில் இருக்கும் அப்பா நிர்வாகியாக முடியாது. நிர்வாகி அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும் (குடியுரிமை தேவையில்லை). உயிலில் எக்ஸிக்யூட்டர் என்று பெயர் போட்டிருந்தால் இந்தத் தடை கிடையாது. அப்பா தன் சார்பில் இங்கே உள்ள ஒருவரை முன்மொழியலாம், ஆனால் அதற்கென்று நிபந்தனைகள் உண்டு. அந்த இடத்தில் எல்டிஏ-வை நம்பிப் போக வேண்டாம், வக்கீலிடம் போங்கள்.

அடுத்து நிர்வாகி கொடுக்க வேண்டிய பாண்டு, அதாவது அவர் தவறு செய்தால் எஸ்டேட்டுக்கு ஈடு தரும் உத்தரவாதம். உயிலில் ‘பாண்டு வேண்டாம்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். உயில் இல்லாவிட்டால் எல்லா வாரிசுகளிடமும் டிஇ-142 விலக்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் மறுத்தாலும் பாண்டு கேட்கலாம். வீட்டை விற்கவும் சேர்த்து முழு அதிகாரம் கேட்டால் வீட்டின் மதிப்பும் பாண்டுத் தொகையில் ஏறும். வரையறுக்கப்பட்ட அதிகாரம் கேட்டால் ஏறாது, ஆனால் விற்கும்போது கோர்ட் ஒப்புதல் வேண்டும். எல்டிஏ விளம்பரத்தில் இருக்காத ஒரு விஷயம்: வக்கீல் இல்லாத நிர்வாகிக்கு பாண்டு எழுதப் பல ஷ்யூரிட்டி கம்பெனிகள் (பாண்டு தரும் நிறுவனங்கள்) தயங்கும். பாண்டு தவிர்க்க முடியாது என்று தெரிந்தால், எல்டிஏ-வுக்கு முன்பணம் கட்டுமுன் கம்பெனிகளிடம் விசாரித்துவிடுங்கள். கட்டிய பிறகு தெரிந்தால் கடைசியில் வக்கீலும் வைக்க வேண்டியிருக்கும், இரண்டு செலவு.

விசாரணைக்கு முன் கோர்ட் பரிசோதகர் மனுவைப் படித்துக் குறைகளைப் பட்டியலிடுவார். லாஸ் ஏஞ்சலிஸில் இதைப் ‘புரோபேட் நோட்ஸ்’ என்று இணையத்திலேயே போடுகிறார்கள். அதைப் படிக்காமல் போகிறவர்களுக்கு வாய்தாதான். குறைக்குப் பதிலாக, உறுதிமொழியுடன் துணை மனு தாக்கல் செய்ய வேண்டும். இங்கே எல்டிஏ-வின் எல்லை பளிச்சென்று தெரியும்: ‘வாரிசுரிமை பற்றிய விளக்கம் போதாது’ என்று நோட் வந்தால் பதில் என்ன என்று அவர் சொல்லக் கூடாது, நீங்கள் சொல்வதை டைப் செய்யலாம். ஒப்பந்தத்தில் ‘புரோபேட் நோட்ஸ் திருத்தம்’ கட்டணத்துக்குள் அடங்குமா, தனியா என்று கேளுங்கள். பல சண்டைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

லெட்டர்ஸ் கிடைத்ததும் எஸ்டேட்டுக்கு வரி எண் எடுப்பது, பேங்க் கணக்குத் திறப்பது எல்லாம் சுலபம். வரி எண் ஐஆர்எஸ் (மத்திய வருமானவரித் துறை) தளத்தில் இலவசம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்டர்ஸின் சான்றிட்ட நகலைப் பல பேங்க்குகள் 60 நாளுக்குள் எடுத்ததாகக் கேட்கும், ஆகவே மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம்.

நாள் கணக்கு வைப்பதில் நல்ல எல்டிஏ தங்கம். தெரிந்த கடன்காரர்களுக்கு டிஇ-157. அவர்கள் கோர லெட்டர்ஸ் தேதியிலிருந்து 4 மாதம் அல்லது நோட்டீஸிலிருந்து 60 நாள், எது பின்னால் வருகிறதோ அது. ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டுக்கு (மாநில வருமானவரித் துறை) 90 நாளுக்குள் அறிவிப்பு. இறந்தவரோ, முன்பே இறந்த துணைவரோ மெடி-கால் (மாநில அரசின் மருத்துவ உதவி) வாங்கியிருந்தால் மாநில சுகாதாரத் துறைக்கும் 90 நாள். இன்வென்டரி (சொத்துப் பட்டியலும் மதிப்பும்) டிஇ-160, 4 மாதத்துக்குள். பணமாக இருப்பதை நீங்களே மதிப்பிடலாம். வீடு, பங்கு போன்றவற்றைப் புரோபேட் ரெஃப்ரி (கோர்ட் நியமிக்கும் மதிப்பீட்டாளர்) மதிப்பிடுவார், கட்டணம் 1,000 டாலருக்கு 1 டாலர். டிஇ-160-லேயே ‘சொத்துவரி அலுவலகத்துக்கு உரிமை மாற்ற அறிக்கை கொடுத்தாயிற்று’ என்று உறுதி சொல்லும் கட்டம் இருக்கிறது. பிஓஇ-502-டி என்ற அந்த அறிக்கைப் படிவத்தைக் கவுண்டி அசெசரிடம் (சொத்துவரி மதிப்பீட்டு அதிகாரி) கொடுக்காமல் அதில் டிக் செய்வது பொய் உறுதிமொழி.

பெற்றோர் குடியிருந்த வீடு பிள்ளைக்கு வரும்போது பழைய சொத்துவரி தொடர வேண்டுமானால், 2021 பிப்ரவரி 16 முதல் நடப்பிலுள்ள புரோபோசிஷன் 19 விதிப்படி பிள்ளை 1 வருடத்துக்குள் அந்த வீட்டில் குடியேறியிருக்க வேண்டும். அந்த 1 வருடம் கோர்ட் உத்தரவு தேதியிலிருந்து அல்ல, மரணத் தேதியிலிருந்து. புரோபேட் முடியட்டும் என்று காத்திருந்தவர்கள் இழக்கும் தொகை, வக்கீல் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். எல்டிஏ பேக்கேஜில் இது இருக்காது, கேட்டாலும் யோசனை சொல்ல முடியாது.

கடைசிக் கட்டம் இறுதிப் பங்கீட்டு மனு. லெட்டர்ஸ் கிடைத்த 1 வருடத்துக்குள் இதையோ, நிலவர அறிக்கையையோ தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு அச்சடித்த படிவமே கிடையாது. வெள்ளைத்தாளில் கணக்கு, கடன்கள், யாருக்கு எவ்வளவு, ஏன் என்று வக்கீல் எழுதுவது போல எழுத வேண்டும். கட்டணமும் மறுபடி உண்டு. படிவம் நிரப்பும் தொழில் இங்கே முடிந்துவிடுகிறது. ‘ஃபுல் புரோபேட் பேக்கேஜ்’ விற்கும் எல்டிஏ, வேறொரு கேஸின் மனுவை எடுத்துப் பெயர் மாற்றித் தருவதும் உண்டு. கடன்காரர் பட்டியலும் எண்களும் உங்கள் இன்வென்டரியோடு ஒத்துப்போகாது, வாய்தா விழும். ஆரம்பத்திலிருந்து இன்வென்டரி வரை எல்டிஏ, இறுதி மனுவுக்கு மட்டும் வக்கீலின் பகுதிநேரச் சேவை என்று பிரித்துக்கொள்வது செலவுக்கும் தலைவலிக்கும் சரியான கணக்கு.

சண்டை உள்ள கேஸுக்கு இந்தச் சேவை வேண்டாம். உயிலை எதிர்த்து ஒரு ஆட்சேபம் வந்தாலே எல்டிஏ-வின் வேலை நின்றுவிடும். எஸ்டேட் சார்பில் வேறொருவர் மீது வழக்குப் போட, வக்கீல் இல்லாத எக்ஸிக்யூட்டரைக் கோர்ட் அனுமதிக்காது. டிரஸ்ட் சார்பில் வழக்காடும்போதும் டிரஸ்டி பெரும்பாலும் வக்கீல் இல்லாமல் தானே ஆஜராக முடியாது.

ஒப்பிடும்போது இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: வக்கீலின் சட்டக் கட்டணம் கோர்ட் உத்தரவுக்குப் பின் எஸ்டேட் பணத்திலிருந்து போகும், அந்த 23,000 உச்சவரம்பே தவிர பேரம் பேசக் கூடாத தொகை அல்ல. எல்டிஏ-வுக்கோ உங்கள் கையிலிருந்து முன்கூட்டியே. தாக்கல் நிராகரிக்கப்பட்டால் திரும்பத் தயாரிக்கக் கட்டணமா, பெயர் தவறால் விளம்பரத்தை மறுபடி போட நேர்ந்தால் பத்திரிகைச் செலவு யாருடையது, இறுதி மனுவை உண்மையில் யார் எழுதுகிறார், அவர் வக்கீல் என்றால் பார் எண் (வக்கீல் பதிவு எண்) என்ன என்ற நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.